மணந்து கிடந்த வீடுகள்

அம்மாச்சி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில். எங்கள் வீடு ராஜபாளையத்தில். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினால்கூட எந்த வீட்டு நடையில் நிற்கிறோம் என்று நாம் சொல்லிவிடுவோம். அம்மாச்சி வீட்டு நடையில் துளசியும் சாணமும் பழைய மரக்கதவின் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து ஒரு குளிர்ந்த வாடை. எங்கள் வீட்டில் பஞ்சும், தேங்காய் நெற்றும், சித்திரை பிறந்துவிட்டால் வைக்கோலில் கிடக்கிற மாம்பழமும். நீங்களும் அந்தப் படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர்தானே. இரண்டு வீட்டிலும் வாசனைக்கென்று தனியாக யாரும் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. பெருக்கினார்கள், தெளித்தார்கள், கழுவினார்கள், வெயிலில் போட்டார்கள், புகை காட்டினார்கள். வீடு தன்பாட்டுக்கு மணந்துகொண்டு கிடந்தது.

விடிவதற்கு முன்னாலேயே வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். வாளியில் சாணத்தைக் கரைத்து, கையால் அள்ளி, அரைவட்டமாக ஒரு வீச்சு. சளக், சளக் என்று தெரு முழுக்க அந்த ஒரே சத்தம். முதல் நாள் வெயிலில் காய்ந்து கிடந்த மண் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறபோது சாணமும் புழுதியும் ஈரமுமாக ஒரு மணம் மேலே வரும். பாதித் தூக்கத்தில் திண்ணையில் கிடக்கிற நமக்கு அதுதான் பொழுது விடிந்த சேதி. எல்லாச் சாணமும் அம்மாச்சிக்கு ஆகாது. புல் மேய்ந்த மாட்டுச் சாணமாக இருக்கவேண்டும். புண்ணாக்கு அதிகமாகத் தின்ற மாடு போட்டது நாறும் என்று ஒதுக்கிவிடுவாள். சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்புகிற நேரத்தில் ஓலைக்கொட்டானோடு நம்மை விரட்டுவாள். முதலில் பார்த்தவர் மேலே ஒரு குச்சியைச் செருகிவிட்டால் அது அவருடையது. அதற்கு மேல் யாரும் கைவைக்கமாட்டார்கள். அப்படி ஒரு ஞாயம் தெருவில் இருந்தது.

அடுப்படித் தரையை வாரத்துக்கு ஒருதரம் மெழுகுவார்கள். கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்துச் சாணத்தோடு சேர்த்தால் தரை கருகருவென்று பளபளக்கும். மெழுகின ஈரம் காய்கிறவரைக்கும் யாரும் கால் வைக்கக்கூடாது. நடையில் நின்றுகொண்டே, "அம்மாச்சி, பசிக்குது" என்று கத்துவோம். "இருலே, தரை காயட்டும்" என்று உள்ளிருந்து பதில் வரும். வீட்டில் வாடை பிறக்கிற இடம் அங்கணம்தான் என்பது அவளுடைய கட்சி. அங்கணம் சுத்தமாக இருந்தால் வீட்டில் வேறு எந்த இடத்தையும் பற்றிக் கவலைப்படவேண்டாம். எச்சில் பாத்திரத்தோடு ஒரு ராத்திரியும் விடிந்ததில்லை. கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். அங்கணக்குழியில் கடைசியாக ஒரு செம்பு வெந்நீர், அதன்மேல் ஒரு கை அடுப்புச் சாம்பல். பித்தளைக்குப் புளி, ஈயப் பாத்திரத்துக்குச் சாம்பல், கைக்கு எலுமிச்சைத் தோல்.

ராஜபாளையத்து வீட்டில் மீன் எடுக்கிற நாட்களில் அம்மா புளியை இன்னும் கொஞ்சம் தாராளமாக எடுப்பாள். மீன் அலசின சட்டி, அரிவாள்மனை, அங்கணக் கல் எல்லாவற்றிலும் புளிக்கோதைப் போட்டுத் தேய்ப்பாள். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை, புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கிற அமிலம் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும், பிறகு அவை காற்றில் ஏறி வராது என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "அதான தேய்க்கிறது" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் தலைக்கு ஊற்றின ஈரம் காயாமல் அம்மாச்சி தூபக்காலை எடுத்து வைப்பாள். கொட்டாங்குச்சி கனன்று தணல் விழுந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தூபக்காலில் அடுக்குவாள். விசிறி மட்டையால் இரண்டு வீசு. சாம்பல் பறந்து உள்ளே சிவப்புத் தெரியும். அப்புறம் தகர டப்பாவைத் திறந்து, தட்டி வைத்த சாம்பிராணியை மூன்று விரலால் கிள்ளித் தூவுவாள். முதலில் ஒரு சின்னப் பொரிச்சல் சத்தம். அடுத்த மூச்சில் வெள்ளையாகப் புகை திரண்டு எழும். சாமி படத்துக்குக் காட்டிவிட்டு, பட்டாசாலை மூலை நாலும், அரங்கு வீட்டுக்குள், நெல் குலுக்கைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அடுப்படிப் பரண், கடைசியில் மாட்டுத் தொழுவம் என்று ஒரு சுற்று. இந்த வரிசை ஒருநாளும் மாறினதில்லை. வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தால் அதற்குத்தான் முதல் புகை. குளிப்பாட்டின பிள்ளையை மடியில் போட்டு, கவிழ்த்த கூடைக்கு அடியிலிருந்து வருகிற புகையில் அதன் தலைமயிரை விரலால் கோதிக் காயவைப்பார்கள். பெண்பிள்ளைகள் நாங்களும் வரிசையில் நின்று முடியை விரித்துக்கொடுப்போம். ராத்திரி படுத்தால் தலையணை எல்லாம் அந்த வாசம்.

அந்தச் சாம்பிராணி நம்ம மலையில் விளைகிறதாகத்தான் அந்த வயதில் நினைப்பு. சுமத்ரா போன்ற கிழக்குத் தீவுகளில் நிற்கிற ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் வடிகிற பால் அது. காய்ந்து கட்டியாகி, காலங்காலமாகக் கப்பலேறி வந்து, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாகி அம்மாச்சி டப்பாவுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. குங்கிலியமும் மரத்துப் பிசின்தான். இரண்டையும் கலந்து போட்டால் புகை கெட்டியாக இருக்கும் என்பாள். மழைக்காலத்தில் கொசு அதிகமானால் சாம்பிராணியோடு காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை. நொச்சிப் புகை கொஞ்சம் கசப்பாக, மூக்கை இழுக்கிற மாதிரி வரும். அதற்குப் பயந்து கொசு தெருவுக்குப் போகும், நாங்களும் தெருவுக்குப் போவோம். கொஞ்ச நேரம் தெருவே பிள்ளைகளாக இருக்கும்.

இப்போது ராஜபாளையம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாம்பிராணி கிடைக்கிறது. கூம்பாகவும் கிண்ணமாகவும் அச்சில் வார்த்து, அடியில் கரித்தூள் வைத்து, தீக்குச்சியைக் காட்டினால் போதும். தணலுக்கு எங்கே போவது? அடுப்பு எரிவாயுவுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நானும் அதைத்தான் ஏற்றுகிறேன். ஏற்றுகிறபோது எல்லா ஜன்னலையும் திறந்துவைக்கிறேன். அம்மாச்சி வீட்டில் புகைக்கு முற்றம் இருந்தது. சுற்றி வந்த புகை அதன் வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும், மணம் மட்டும் சுவரில் தங்கும். அடைத்த அறையில் போட்டால் புகையும் நம்மோடேயே தங்கிவிடுகிறது. இளைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் அது நல்லதில்லை.

முற்றத்தைச் சொன்னால் காற்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் புறவாசல் தெரியும். நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஆடி மாதம் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கினால் முன்வாசலில் நுழைந்து வீடு முழுக்கத் துழாவி, கொடியில் கிடக்கிற சேலையை எல்லாம் ஊதிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகும். ஒரு வாடையும் ஒரு நாளைக்கு மேல் அந்த வீட்டில் தங்கமுடியாது. உச்சிவெயிலில் முற்றத்துச் சூட்டுக்காற்று மேலே ஏற ஏற, திண்ணைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் சுட்ட அன்றைக்குக்கூட, ராத்திரி படுக்கிற நேரத்தில் வீடு பழைய வீடாகிவிடும்.

கோடையில் பானைத் தண்ணீருக்குள் வெட்டிவேர் முடிச்சு மிதக்கும். அம்மாச்சி வீட்டுப் பானை ஆற்றுமணல் மேல் உட்கார்ந்திருக்கும். மணலில் நெல்லோ வெந்தயமோ முளைவிட்டு நிற்கும். செம்பில் மோந்து அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீருக்கு முன்னால் வாசனை தொண்டைக்குள் இறங்கும். வசதியான வீடுகளில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி தொங்கும். மத்தியானம் தண்ணீர் தெளித்துவிட்டால் அந்தப் பட்டாசாலையில் போய் உட்கார்வதற்கு நமக்கெல்லாம் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். செண்பகத்தோப்பிலிருந்து பளியர்கள் தேனும் கிழங்கும் கொண்டுவருவார்கள். அந்தத் துணிமூட்டையை அவிழ்த்ததும் வருகிற காட்டு மணம், காய்ந்த சருகும் தேன்மெழுகும் வேரும் சேர்ந்தது, அவர்கள் போனபிறகும் திண்ணையில் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் காடு 1988-இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. காடு பத்திரமாக இருக்கிறது, அது பெரிய ஆறுதல்.

அம்மாச்சியின் துணிப்பெட்டியைத் திறக்கிற நாள் எங்களுக்குத் திருநாள். கனத்த மரப்பெட்டி. மூடியைத் தூக்கினதும் தாழம்பூ. மடலை முள் சீவி, சேலை மடிப்புக்கு இடையில் வைத்திருப்பாள். காய்ந்து காகிதமாகியும் வாசம் போயிருக்காது. மகிழம்பூவைச் சரமாகக் கோத்துப் போட்டிருப்பாள். அது காயக் காய இன்னும் அதிகமாக மணக்கிற பூ. ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அவ்வா பெட்டியில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போடுவார். பட்டுக்குப் பூச்சி அண்டாது. வசம்பு வாசனை சில பேருக்குப் பிடிக்காது. அவ்வா கையால் கட்டின மருக்கொழுந்தையும் அந்த வசம்பையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். தெலுங்கும் தமிழும் கலந்து, "ரா தாயி, கூச்சோ" என்று அவர் கூப்பிடுகிற குரலும் அதனோடேயே வரும். பின்னால் அந்துருண்டை வந்தது. வெள்ளையாக, சுத்தமாக, சின்னதாக. ஒரு உருண்டை போதும், பெட்டியில் இருக்கிற அத்தனை வாசமும் ஓய்ந்து அது ஒன்றுதான் நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசனை எங்கே முடிகிறது, கோயில் வாசனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லமுடியாது. பதினோரு நிலைக் கோபுரத்து நிழல் விழுகிற ஊர் அது. பெரியாழ்வார் துளசிக்குப் பாத்தி கட்டின நந்தவனம், ஆண்டாள் கிடைத்த இடம் என்று இன்றைக்கும் கும்பிடுகிறோம். சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை புறப்படும்போது, அந்தத் துளசி மணத்துக்குப் பின்னால் நாமும் தெருமுனைவரை நடந்திருக்கிறோம். ஆண்டாள் கையில் இருக்கிற கிளி தினமும் புதிதாகச் செய்கிற கிளி. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் இறகு. எப்போதாவது அந்தக் கிளி நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டு நடையில் கூட்டம் நிற்கும். இலைகள் வாட வாட ஒரு பச்சை வாசம் வரும். கிளியைப் பார்த்துக்கொண்டே நிற்போம்.

மார்கழியில் பூசணிப்பூவை எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதை மோந்து பார்த்தவர்கள் குறைவு. சாண உருண்டையில் செருகின மஞ்சள் பூவில் விடிகாலைப் பனி இறங்கினால் இலேசாக ஒரு தேன் மணம். மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும். மூலிகைகள் போட்டுக் காய்ச்சுகிற அந்தத் தைலம் பிரசாதமாகக் கொஞ்சம் கிடைக்கும். ஒரு சின்னச் சீசாவில் வாங்கிவந்து அம்மாச்சி மாடக்குழியில் வைப்பாள். சீசாவின் மூடியைத் திறக்கவே வேண்டாம், மாடக்குழி இருக்கிற பக்கம் போனாலே தெரியும். தை, மாசி போய்ப் பங்குனி வரைக்கும் தெரியும். தெருவில் இறங்கினால் பால்கோவா. இரும்புச் சட்டியில் பால் சுண்டுகிற வாசனையும் விறகுப் புகையும் சேர்ந்து வரும். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் முதலில் நினைத்தது அந்த விறகடுப்பைத்தான்.

ராஜபாளையத்து வாசனை வேறு. ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு மில்லின் சங்கு கேட்கும். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தபிறகு ஊர் பஞ்சோடு வாழ்ந்த ஊர். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி உதறினால் மீசையிலும் புருவத்திலும் இருக்கிற பஞ்சு பறக்கும். பருத்திக்கொட்டை எண்ணெய் மாதிரி மெல்லிசாக ஒரு வாசம். அம்மா அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத்தான் ஊறவைப்பாள். சீயக்காய் காய்கிற முறம், தேங்காய்ப் பருப்பு காய்கிற பாய், வேப்பம்பூ காய்கிற சுளகு என்று கோடையில் மொட்டைமாடி முழுக்க வாசனைகள் அடுத்தடுத்துக் காயும். எங்களுக்குக் காக்கா விரட்டுகிற வேலை.

அப்புறம் மாம்பழம். சித்திரை, வைகாசியில் மேற்கே தோப்புகளிலிருந்து சப்பட்டைக் காய் வண்டியில் வந்து இறங்கும். காம்புப் பால் வடிய வடிய, கட்டிலுக்கு அடியில் வைக்கோல் விரித்து அப்பா ஒவ்வொன்றாகப் படுக்கவைப்பார். முதல் இரண்டு நாள் வைக்கோல் வாசம்தான். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பழம் வாய் திறக்கும். விளக்கணைத்தபிறகு இருட்டில் அது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தம்பியும் நானும் மூக்கால் தேடுவோம். அது போதாதென்று கையும் போகும். "யாருலே அங்க, வைக்கோல் சத்தம் கேட்குது" என்று அப்பாவின் குரல் வரும். அந்த ஒரு மாதம் பாய், போர்வை, பள்ளிக்கூடப் பை எல்லாம் மாம்பழம்தான். இப்போது கடையில் மஞ்சளாகக் குவித்துவைத்திருக்கிற பழத்தை மூக்கருகில் கொண்டுபோனால் சில நேரம் ஒன்றுமே வருவதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. வாங்குகிறவர்கள் காம்போரம் மோந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும். வைக்கோல் கிடைத்தால் காயாகவே வாங்கிவந்து வீட்டில் பழுக்கப்போடுங்கள். ஒரு டஜன் காய் போதும், ஒரு வாரத்துக்கு வீடு வேறு வீடாகிவிடும்.

மழைக்கு முன்னால் வருகிற மண்வாசனையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சஞ்சீவி மலைப் பக்கம் மேகம் இறங்கினதுமே அம்மா கொடித்துணியை எடுக்க ஓடுவாள், நாம் வாசலுக்கு ஓடுவோம். அந்த மண்வாசனையை ஆராய்ந்து 1964-இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் கட்டுரை எழுதினார்கள். வறண்ட காலத்தில் செடிகொடிகள் விடுகிற எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் சேர்ந்து கிடந்து, ஈரம் பட்டதும் வெளியே வருகின்றன. மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளும் அதோடு சேர்கிறது. துளியிலும் துளி அளவு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடுமாம். வடக்கே கன்னோசியில் சுட்ட மண்ணைக் காய்ச்சி அந்த மணத்தை அத்தராக வடிக்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போது வீட்டு வாசற்படி வரைக்கும் சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். சேறு இல்லை, நடக்கச் சுகம். மழை பெய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மார்கழிக் கடைசியில் பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதகொதவென்று தானே கொதிக்கும். பக்கத்தில் போகாதே என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள், நாங்கள் ஆவியைப் பார்க்கக் கிட்டே கிட்டே போவோம். மறுநாள் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, தாழை விழுதைத் தட்டிச் செய்த மட்டையால் சுவர் முழுக்க அடிப்பார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை! ஒரு வருசத்து எண்ணெய்ப் புகை, பூஞ்சணம், வேர்வை, நோய் எல்லாவற்றையும் அது ஒரே நாளில் துடைத்துவிடும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் உயிரோடு இருக்காது. சுவரும் மூச்சு விடும், ஈரத்தை வாங்கும், திரும்பக் கொடுக்கும். போகி அன்றைக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை மூன்றையும் சேர்த்துக் கூரையிலும் நிலையிலும் காப்புக் கட்டுவோம். இப்போதும் அந்தக் கட்டு ராஜபாளையம் சந்தையில் விற்கிறது. இப்போதும் வாங்கிக் கட்டுகிறேன். சுவர் மட்டும் பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் சுவராக, துடைத்தால் பளபளக்கிறதாக மாறிவிட்டது.

ஒன்றையும் மறைத்துச் சொல்லக்கூடாது. அதே வீடுகளின் பின்சந்தில் வேறொரு வாடை இருந்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலம். முன்வாசலில் சாம்பிராணி புகைகிறபோது, பின்சந்து வழியாக வந்து வாளியையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு அதை அள்ளிப்போனவர்களும் நம்மைப்போல் பிள்ளைகுட்டி உள்ளவர்கள்தான். அவர்களை யாரும் திண்ணைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலையைத் தடைசெய்து 1993-இல் ஒரு சட்டமும், அதைவிடக் கடுமையாக 2013-இல் இன்னொரு சட்டமும் வந்தன. அந்த வாடை போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. முழுசாகப் போகவேண்டும். மணந்த வீட்டுக்குள்ளும் அப்படித்தான். சாணம் கரைத்தது, மெழுகினது, தேய்த்தது, புகையில் கண் எரிந்தது, எல்லாம் பெண்களின் இடுப்பும் முழங்காலும். மெழுகி நிமிரும்போது, "அய்யோ முருகா" என்று அம்மாச்சி இடுப்பில் கைவைத்து நிற்பாள். அந்த மணத்துக்கு அவள் கொடுத்தது அது. என் மருமகளிடம் போய் தரையை மெழுகு என்று நான் சொல்லமாட்டேன்.

மகன் வீடு சென்னையில், நிறைய மாடிகள் உள்ள கட்டடத்தில். போன கோடையில் போயிருந்தபோது சுவரில் மின்சாரத்தில் செருகின ஒரு குப்பி மல்லிகை வாசம் விட்டுக்கொண்டிருந்தது. ராத்திரியும் பகலும் ஒரே அளவு, ஒரே மல்லிகை. மதுரை மல்லி சாயங்காலம் மொட்டாக ஒரு வாசமும், ராத்திரி விரிந்து ஒரு வாசமும், காலையில் தலையணையில் வாடி ஒரு வாசமும் தரும். பேரன் அந்தக் குப்பியைக் காட்டி, "இதுதான் அப்பத்தா மல்லி வாசனை" என்றான். மருமகள், "என்ன பெருக்கி என்ன தொடைச்சாலும் ஒரு ஈர வாடை வருது அத்தை, எதை அடிச்சாலும் ரெண்டு மணி நேரந்தான்" என்றாள். "மொதல்ல சன்னலைத் திற தாயி" என்றேன். ஏசி குளிர் போய்விடும் என்று அவை மாதக்கணக்கில் மூடியே கிடந்தவை.

அங்கணத்தில் தொடங்குவது என்பது அம்மாச்சி வழி. சமையலறைத் தொட்டியின் குழாயில் கொஞ்சம் ஆப்பசோடா போட்டு, வெந்நீர் ஊற்றி, பிழிந்த எலுமிச்சை மூடியால் தொட்டியைத் தேய்த்தோம். குப்பைக் கூடையை ராத்திரியே வெளியேற்றினோம். துணி துவைக்கிற மெஷினின் கதவை வேலை முடிந்ததும் திறந்தே வைக்கச் சொன்னேன். ஈரத்துண்டுகளைக் குளியலறையிலிருந்து பால்கனி வெயிலுக்கு மாற்றினோம். தலையணையையும் மெத்தை விரிப்பையும் வாரம் ஒருநாள் வெயிலில் போட்டோம். செருப்பு அலமாரியில் ஒரு துணிமுடிச்சில் அடுப்புக்கரி வைத்தோம், வாடையை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், மாதம் ஒருதரம் மாற்றினால் போதும். நாட்டுமருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கி ஒரு கட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தோம், இன்னொரு கட்டைத் துணி அலமாரியில் வைத்தோம். உரித்த ஆரஞ்சுத் தோலையும் இரண்டு கிராம்பையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டதில் முதல்நாள் மீன் வாடை போய்விட்டது. பேரன் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று எட்டிப்பார்த்தான். வெட்டிவேரை மூக்கில் வைத்து, "மண்ணு மாதிரி இருக்கு" என்றான். மழை வாசனை அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் மருமகள் தானாகவே அந்தக் குப்பியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அம்மாச்சி வீட்டை இடித்துக் கட்டினவர்கள் கடைகள் வைத்திருக்கிறார்கள். தூபக்கால் என்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் போர் போட்ட இடத்தை ஒட்டி, அய்யனார் கோயில் ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த நொச்சி ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க இலை, கொசுவுக்குப் புகை, காய்ந்த இலையைத் திணித்தால் தலையணை, அரிசி டப்பாவில் போட்டால் வண்டு வராது. தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்து பறித்துப்போகிறார்கள். அதற்கு விதை வேண்டாம். விரல் கனத்தில் ஒரு கம்பை ஒடித்துச் சாய்வாகச் செருகி, வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் காட்டினால் போதும், தொட்டியிலும் வரும். ஐப்பசி மழை தொடங்குகிற நேரத்தில் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கம்பு ஒடித்து ஈரச்சாக்கில் சுற்றித் தருகிறேன்.